பொதுநிலமும் எமது முதுசமே

யாழ்ப்பாணத்துத் தேசவழமை குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பிரித்து வைத்தது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இவ்வழமைகளை எழுத்தில் தொகுப்பித்தபோதும் இப்பிரிவே நிலைத்தது. ஆனால், இம்மூன்றினுள்ளும் அடங்காத நான்காவது சொத்து ஒன்றும் எமது ஊர்களில் இருந்தது. குளமும் குளக்கட்டும், மாடு மேயும் தரவையும், வழிப்போக்கர் இளைப்பாறும் ஆலமர நிழலும், கடற்கரையும் அச்சொத்தில் அடங்கின. இவற்றுக்குத் தனியொருவர் பெயரில் உறுதி இருக்கவில்லை. ஆயினும் அவை உரிமையற்ற நிலம் என்று எவரும் எண்ணவில்லை. ஊர் முழுவதும் அவற்றை அறிந்து வைத்திருந்தது. அந்த அறிவே அவற்றின் உறுதியாக இருந்தது.

1983 இன் பின்னர் பெருந்தொகையாக இந்நாட்டுக்கு வந்த நாம், இங்கும் தேடியதேட்டத்தைப் பற்றி மிகுதியாகவே பேசி வருகின்றோம். வீட்டு விலை ஏறுகின்றதா இறங்குகின்றதா, வட்டி வீதம் எவ்வளவு, எந்த நகரில் காணி வாங்கினால் ஆதாயம் என்பன எமது விருந்துகளிலும் விழாக்களிலும் ஓயாத பேச்சுப் பொருள்கள். இதில் தவறேதும் இல்லை. வெறுங்கையுடன் வந்திறங்கிய சமூகம் ஒன்று கூரையைத் தேடுவது இயல்பே. எனினும், இந்நாட்டில் எமக்குள்ள நான்காவது சொத்தைப் பற்றி, அதாவது பொதுநிலத்தைப் பற்றி, எமது மேடைகளில் பேச்செழுவது மிக அரிது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிக்கறிங்கிலும் வாழும் எம்மவர் பலரின் வாசலுக்கு அண்மையிலேயே அச்சொத்து விரிந்து கிடக்கின்றது. றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா என்பது அதன் பெயர். அது எவ்வாறு காப்பாற்றப்பட்டது, எவ்வாறு மீண்டும் ஆபத்துக்கு உள்ளானது, அதில் எமது பொறுப்பு யாது என்பவற்றை எம் பிள்ளைகளும் பெற்றோரும் கூடும் இவ்விழாவின் மலரில் எடுத்துரைப்பது பொருத்தமென நினைக்கின்றோம்.

பாலையும் ஒரு நிலமே

பொதுநிலம் அழிவதற்கு முதற் காரணம் அதற்கு நாம் சூட்டும் பெயரே. தமிழ்நாட்டில் வரி விதிப்புக்குப் புறம்பான நிலத்தைப் 'புறம்போக்கு' என்றனர். ஊரார் எல்லோருக்கும் பயன்பட்ட நிலத்தைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் உதவாக்கரை மனிதனைத் திட்டும் வசைச் சொல்லாகிவிட்டது. சொல் இழிந்தபோது நிலமும் இழிந்தது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் பயனற்ற நிலமாகவே கருதப்பட்டு, அதன் ஒரு பகுதி நகரத்துக் குப்பை கொட்டும் இடமாயிற்று; பிற பகுதிகளில் கட்டடங்கள் எழுந்தன. மழை வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும் நிலத்தின் பெரும்பகுதி மறைந்த பின்னரே அதன் அருமை உணரப்பட்டது. எஞ்சிய பகுதி 2022 ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

எமது முன்னோர் நிலத்தை இவ்வாறு தாழ்த்தவில்லை. ஐவகை நிலங்களைப் பகுத்த தமிழ் மரபு, வெயில் சுட்ட பாலைக்கும் உரிய இடம் அளித்தது. அதற்குக் கொற்றவையைத் தெய்வமாக்கிற்று, எயினரை மக்களாக்கிற்று, பறவையும் மரமும் பண்ணும் வகுத்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதையும் நாம் அறிவோம். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் இரு உண்மைகள் புலப்படும். இயற்கையாகவே வறண்ட நிலமும் உயிர் தாங்கும் நிலமே என்பது ஒன்று. வளமான நிலத்தையும் மனிதன் கவனியாது விட்டால் அது பாழாகும் என்பது மற்றொன்று.

முதலாவது உண்மையை அமெரிக்கர் தமது பாலைநிலங்களிலேயே கற்றுக்கொண்டனர். 1906 ஆம் ஆண்டில் தியோடர் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட தொல்பொருட் சட்டம், மத்திய அரசுக்குரிய பொதுநிலத்தில் சிறப்புமிக்க பகுதிகளைத் 'தேசிய நினைவுச்சின்னம்' எனப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளித்தது. இங்கே நினைவுச்சின்னம் என்பது கல்லில் செதுக்கிய சிலை மட்டுமன்று. இலட்சக்கணக்கான ஏக்கர் நிலமாகவும் அது இருக்கலாம். கலிபோர்ணியாவின் பாலைவனத்தில் வளரும் யோசுவா மரங்களையும் கள்ளிச் செடிகளையும் தம் வீட்டுத் தோட்டங்களுக்காகப் பலர் பெயர்த்துச் செல்வதைக் கண்டு மனம் பொறாத மினர்வா ஹொயிற் என்னும் பெண்மணி, நியூயோர்க், பொஸ்ரன், லண்டன் நகரங்களில் பாலைத் தாவரக் கண்காட்சிகள் நடத்தி மக்களின் கண்களைத் திறந்தார். அதன் பயனாக 1936 இல் யோசுவா மரப் பகுதி தேசிய நினைவுச்சின்னமாயிற்று. 1994 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2025 ஜனவரியிலும் அதே மாநிலத்தில் சக்வாலா என்னும் பாலைநிலத்தின் ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு அவ்வாறே பிரகடனம் செய்யப்பட்டது.

ஆனால், ஒருவரின் கையொப்பத்தால் வந்த பாதுகாப்பு இன்னொருவரின் கையொப்பத்தால் போகவும் கூடும். யூற்றா மாநிலத்தில் பெயர்ஸ் இயர்ஸ் எனப்படும் செம்பாறை நிலத்தைக் காக்குமாறு ஹோப்பி, நவஹோ, சூனி முதலிய ஐந்து பழங்குடி அரசுகள் ஒன்றுகூடிக் கேட்டன. 2016 டிசம்பரில் சுமார் 13.5 இலட்சம் ஏக்கர் நினைவுச்சின்னமாக்கப்பட்டது. ஓராண்டு கழியுமுன், 2017 டிசம்பரில், அடுத்த ஜனாதிபதி அதன் பரப்பை ஏறத்தாழ 85 வீதத்தால் குறைத்தார். 2021 ஒக்ரோபரில் அவருக்குப் பின் வந்தவர் அதனை மீட்டளித்தார். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் தலைவிதி மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மாறிற்று. ஒன்ராறியோவிலும் இதையொத்த காட்சி ஒன்றை நாம் கண்ணாரக் கண்டோம். அதனை அறிவதற்கு முன் றூஜின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

றூஜ் எமக்குக் கிடைத்த வரலாறு

ஓக் றிட்ஜஸ் மேட்டு நிலத்தில் ஊற்றெடுத்து ஒன்ராறியோ ஏரியிற் கலக்கும் றூஜ் ஆறு, இந்நிலத்தின் முதற்குடி மக்களுக்குப் பெருவழியாக இருந்தது. ஆற்று வழியாகவும் கால்நடையாகவும் வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் செல்லும் பழைய பாதையின் ஒரு கிளை இங்கிருந்தே தொடங்கியது. இப்பள்ளத்தாக்கில் 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் சுவடுகள் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் செனக்கா மக்கள் வாழ்ந்த ஊர் ஒன்றின் எச்சமான பீட் ஹில், 1991 இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, இந்நிலம் எவரும் அற்ற காடாக இருந்து திடீரெனப் பூங்காவானதன்று. அது பிறருடைய முதுசம். 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் இப்பிரதேச முதற்குடிகளின் உரிமைகளை நியாயமின்றிப் பறித்தன என்பதை ஏற்று, 2018 இல் மத்திய அரசும் மாகாண அரசும் இணக்கத்துக்கு வந்து மன்னிப்பும் கோரின. நிலம் இழந்த வலியை அறிந்த நாம் இவ்வரலாற்றை மறந்து இங்கு உலாவுதல் தகாது.

ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகள் கட்டடம் இன்றி எஞ்சியதற்கு ஒரு பேரழிவே காரணம். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி பெருமழையைக் கொட்டியபோது ஆறுகள் பெருகி, ஒன்ராறியோவில் 81 பேர் உயிரிழந்தனர். வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் வீடு கட்டியதன் விலை அது. அதன் பின்னரே ஆற்றுப் படுகைகளைப் பொதுவுடைமையாக வாங்கிக் கட்டடங்களைத் தடுக்கும் கொள்கை வலுப்பெற்றது. 1957 இல் அதற்கென இப்பிரதேசத்துக்குப் பாதுகாப்பு அதிகாரசபை ஒன்று அமைந்தது. இன்று நாம் மாலையில் நடக்கும் பள்ளத்தாக்குப் பாதைகள் பலவும் அந்த 81 உயிர்கள் கற்பித்த பாடத்தின் பயன் எனலாம்.

றூஜ் பள்ளத்தாக்குக்கு வேறு ஆபத்துக்களும் வந்தன. அதன் நடுவே பெயர் வீதி அருகில் 1980களின் தொடக்கம் வரை குப்பை கொட்டப்பட்டது. அக்குப்பை மேடு இன்றும் குன்றுபோல நிற்கின்றது. 1972 இல் மத்திய அரசு பிக்கறிங்கில் விமான நிலையம் அமைப்பதற்காக 18,600 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. அதை அடுத்துப் புதிய நகரம் ஒன்றுக்காக மாகாண அரசும் பெருநிலத்தை எடுத்துக்கொண்டது. தலைமுறையாக உழுத விவசாயிகள் ஒரே நாளில் தம் சொந்த மண்ணில் குத்தகைக்காரர் ஆயினர். மக்கள் எதிர்ப்பினால் 1975 இல் விமான நிலைய வேலை நிறுத்தப்பட்டது. அதே 1975 இல் றூஜ் பள்ளத்தாக்கைக் காப்பதற்கென அயலவர் சேர்ந்து இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். லோயிஸ் ஜேம்ஸ் போன்றோர் நகரசபைக் கூட்டம் ஒன்றையும் விடாது சென்று, மனுக் கொடுத்து, அறிவியலாளரை அழைத்து வந்து காட்டி, இருபது ஆண்டுகள் உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எம்மைப் போன்ற சாதாரண குடிமக்களே. 1990 இல் மாகாண அரசு பூங்கா அமைக்க இணங்கியது. 1995 இல் றூஜ் பூங்கா அமைந்தது.

அதன் பின்னரும் அது பல அரசுகளுக்கும் சபைகளுக்கும் இடையே பங்கிடப்பட்ட நிலமாகவே இருந்தது. 2011 இல் மத்திய அரசு அதனைத் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக்கும் எண்ணத்தை அறிவித்தது. 2015 மே 15 ஆம் நாள் அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா இவ்வாறு பிறந்தது. எனினும், சட்டத்தில் இயற்கையின் நலனுக்கு முதலிடம் கொடுக்கப்படவில்லை என்று கூறி ஒன்ராறியோ அரசு தன் பங்கு நிலத்தைக் கையளிக்க மறுத்து நின்றது. சூழலியல் அமைப்புகளும் அதே குறையைச் சுட்டின. 2017 இல் சட்டம் திருத்தப்பட்டு, சூழலின் முழுமையைப் பேணுதலே முதற் கடமை என்று எழுதப்பட்ட பின்னரே அப்பிணக்குத் தீர்ந்தது. வெறும் சொற்பிணக்கு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. ஆற்றின் குறுக்கே வீதி ஒன்றை அகலிக்க வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி எழும்போது தீர்ப்பை நிர்ணயிப்பது சட்டத்தில் உள்ள அந்த ஒரு வரியே ஆகும்.

இன்று இப்பூங்கா ரொறன்ரோ, மார்க்கம், பிக்கறிங், அக்ஸ்பிறிட்ஜ் எல்லைகளுக்குள் பரந்து, முழுமையாகும்போது 79.1 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாகத் திட்டமிடப்பட்டுள்ளது. நியூயோர்க்கின் சென்றல் பார்க்கைப் போல இருபது மடங்குக்கு மேல் இது பெரிது. 1,700 க்கு மேற்பட்ட தாவர, விலங்கு இனங்கள் இங்கு வாழ்கின்றன. காடு இருக்கின்றது, ஏரிக்கரைச் சதுப்பு இருக்கின்றது, மக்காச்சோளம் விளையும் முதற்தர வயல் மண்ணும் இருக்கின்றது. எமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மனனம் செய்யும் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே ஆற்றின் ஓரத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதை இங்கே நேரிற் காணலாம். இதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

இங்கு வளர்க்கப்படும் பிளாண்டிங் ஆமையின் கதை பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லப்பட வேண்டியது. மஞ்சள் நிறக் கழுத்துடைய இவ்வாமை றூஜில் ஏறத்தாழ மறைந்து போகும் நிலையை அடைந்திருந்தது. முட்டைகளை எடுத்து ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை இரண்டு ஆண்டளவு வளர்த்து, 2014 முதல் அவற்றைப் பூங்காவின் ஈரநிலத்தில் விட்டு வந்தனர். இவ்வாமை முட்டையிடும் பருவம் அடையப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற் செல்லும். எண்பது ஆண்டுகள் வரை வாழவும் கூடும். அதனை ஆற்றில் விட்ட கைகள் அதன் முதுமையைக் காணப் போவதில்லை. பேரப்பிள்ளைக்காகப் பனம் விதை ஊன்றிய எம் முன்னோரின் மனமும் இத்தகையதே அன்றோ?

சட்டம் மட்டும் போதுமா?

சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்தவர்களை 2022 நவம்பர் உலுக்கி எழுப்பியது. 2005 இல் ஒன்ராறியோ மாகாணம் சுமார் 20 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பசுமை வலயமாக அறிவித்திருந்தது. அதிலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கரை வீடமைப்புக்காக நீக்கப் போவதாக மாகாண அரசு அறிவித்தது. நீக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி றூஜ் பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டிய டஃபின்ஸ் றூஜ் விவசாயக் காப்பு நிலமாகும். அந்நிலத்தின் கதை மறக்கத்தக்கதன்று. 1970களில் மாகாண அரசு கையகப்படுத்திய அந்நிலம், பின்னர் விவசாயத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையுடன், விவசாய நிலத்துக்குரிய விலையில் விற்கப்பட்டது. 2005 இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. 2022 டிசம்பரில் அத்தனிச் சட்டமே நீக்கப்பட்டது. காட்டு விலங்குகள் பூங்காவின் வேலியைப் பார்த்து நடப்பதில்லை. நீரும் எல்லைக் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. அயல் வயல்களில் நகரம் எழுந்தால் பூங்காவுக்கு மீளாத் தீங்கு நேரக்கூடும் என்று மத்திய அரசின் பூங்கா நிறுவனம் எச்சரித்தது.

அடுத்து நடந்ததே எமக்குப் பாடமாக அமைவது. விவசாயிகளும் மாணவரும் முதியவரும் பனியிலும் குளிரிலும் வீதியில் நின்றனர். செய்தியாளர்கள் எவர் எப்போது நிலம் வாங்கினர் என்று துருவினர். 2023 ஓகஸ்ற்றில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம், நீக்கப்பட்ட நிலங்களின் உரிமையாளர்களுக்கு 8.3 பில்லியன் டொலருக்கு மேல் நிலமதிப்பு உயரக்கூடும் என்றும், நிலத் தெரிவு நடந்த முறை சிலருக்குச் சாதகமாக இருந்தது என்றும் அறிக்கையிட்டார். செப்ரெம்பர் 4 இல் வீடமைப்பு அமைச்சர் பதவி விலகினார். செப்ரெம்பர் 21 இல் முதல்வர் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நிலங்கள் யாவும் மீளச் சேர்க்கப்பட்டு, பசுமை வலய எல்லைகள் சட்டத்தாலேயே உறுதி செய்யப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அரசாணையை விடச் சட்டம் வலியது; ஆனால் சட்டமும் சட்டத்தால் நீங்கக் கூடியதே. பெயர்ஸ் இயர்ஸ் பாலைநிலத்துக்கும் பிக்கறிங் வயலுக்கும் இறுதிக் காவலாக நின்றது பொதுமக்களின் விழிப்பே. அரண்மனைக்குக் காவலன் வைப்பது போலப் பொதுநிலத்துக்கு எவரும் காவலன் வைப்பதில்லை. அதை அறிந்து, அதில் நடந்து, அதன்மேல் அன்பு வைத்தவர்களே அதன் காவலர். 2025 ஜனவரியில் பிக்கறிங் விமான நிலையம் கட்டப்படாது என்று மத்திய அரசு அறிவித்தபோது, ஐம்பத்து மூன்று ஆண்டுப் போராட்டம் ஒன்று பலன் கண்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர் தமிழ்த் தந்தையின் மகளான அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் என்பது எமக்கு மகிழ்ச்சி தருவது. ஆயினும் 1972 இல் சமையலறைகளில் கூடி எதிர்ப்பைத் தொடங்கிய விவசாயக் குடும்பங்களுக்கே அதன் பெருமை உரியது.

வீடு வேண்டாமா?

"மரத்தையும் ஆமையையும் காப்பாற்றி என்ன பயன்? எம் பிள்ளைகள் வீடு வாங்க முடியாமல் தவிக்கின்றனரே" என்று எம்மவர் கேட்பதுண்டு. அக்கேள்வியை அலட்சியம் செய்தல் ஆகாது. நிலக்கீழ் அறைகளில் வாழ்வைத் தொடங்கிய சமூகம் நாம். ஸ்காபரோவில் வாடகை கட்டித் தீராத குடும்பங்கள் எமக்குள் இன்றும் உண்டு. மார்க்கத்தில் நாம் குடியிருக்கும் வீதிகள் பலவும் ஒரு காலத்தில் வயல்களாக இருந்தவையே. எனவே, வந்த வாசலை எமக்குப் பின் அடைத்து விடுகின்றோம் என்ற பழிக்கும் இடமுண்டு.

ஆனால் உண்மை நிலை என்ன? ஒன்ராறியோ அரசு தானே நியமித்த வீடமைப்புச் செயலணி, 2022 பெப்ருவரியில் அளித்த அறிக்கையில், நிலப் பற்றாக்குறை இப்பிரச்சினைக்குக் காரணம் அன்று எனத் தெளிவாகக் கூறியது. நகரத்துக்குள் ஏற்கனவே நீரும் மின்சாரமும் பேருந்தும் உள்ள இடங்களில் கூடுதல் வீடுகளை அனுமதிப்பதே அது காட்டிய வழி. நகர எல்லைக்கு அப்பால் வயலில் எழும் பெரிய தனி வீடு, தவணைக் கடனும் இரண்டு கார்களும் உள்ள குடும்பத்துக்கே எட்டும். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு எட்டாது. மேலும், வீட்டை இடித்து மீண்டும் கட்டலாம். பனிப்பாறைகள் உருகிய காலம் முதல் பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான முதற்தர மண்ணின் மேல் ஒரு முறை சீமெந்து போட்டுவிட்டால் அதனை மீண்டும் உண்டாக்க எவராலும் முடியாது. ஆகவே, வீடா காடா என்று எம்மை ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது பொய்யான தெரிவு. வீடும் வேண்டும், அது எங்கே எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்பதிலேயே விவாதம் இருக்க வேண்டும்.

தாயகம் தரும் எச்சரிக்கை

நிலத்தைக் காத்தல் என்ற பெயரில் மக்களை வஞ்சித்தலும் உலகில் நடப்பதுண்டு. இதனை எம்மைவிட நன்கு அறிந்தவர் எவர்? றூஜ் சட்டம் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, 2015 யூனில், இலங்கையில் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகளின் சரணாலயம். வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் அந்நீரேரியும் நெடுந்தீவுக் குதிரைகளும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், போரினால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிய வன்னி மக்கள் பலர், தாம் உழுத காணிகளில் வனத்திணைக்களத்தின் எல்லைக் கற்கள் நாட்டப்பட்டிருக்கக் கண்டனர். அங்கு வாழ்ந்தவரைக் கேளாது வரையப்பட்ட பச்சைக் கோடு, அவர்களுக்கு இன்னொரு வேலியாகவே தோன்றிற்று.

மறுபுறம், காப்பாரின்றி அழியும் நிலமும் எமது மண்ணில் உண்டு. வடமராட்சியின் மணற்காட்டை நினைத்துப் பாருங்கள். கடற்காற்றுக் குவித்த வெண்மணற் குன்றுகளும், சவுக்குத் தோப்பும், மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயமும் கொண்ட அந்நிலம் எமது குடாநாட்டின் பாலைநிலம் எனத்தகும். கட்டட வேலைக்கு மணல் அள்ளுவோரின் உழவு இயந்திரங்களுக்கு அது வெறும் மணல். ஆறுகள் அற்ற குடாநாட்டில் மழை நீரைப் பிடித்து நன்னீராக வைத்திருப்பதும், கடலின் சீற்றத்தைத் தணிப்பதும் அத்தகைய மணற் பரப்புகளே என்பதை அறிந்தோர்க்கு அது செல்வம்.

ஆகவே, நாம் வேண்டும் பாதுகாப்பு இரு முனைகளுக்கும் இடைப்பட்டது. நிலத்தோடு வாழ்ந்தவர்களை வெளியேற்றாத பாதுகாப்பே நிலைக்கும். இவ்விடயத்தில் றூஜ் ஓரளவு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு முதற்குடிகளின் பிரதிநிதிகள் கொண்ட ஆலோசனை வட்டம் ஒன்று பூங்காப் பணிகளில் பங்குகொள்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு ஆண்டு குத்தகையில் தத்தளித்த விவசாயிகளுக்கு முப்பது ஆண்டு வரையிலான நீண்ட குத்தகை வழங்க வழி செய்யப்பட்டது. நாளை என்ன ஆகுமோ என்று அஞ்சும் உழவன் மரம் நட மாட்டான். மண்ணையும் பேண மாட்டான். நிலத்தில் உறுதி கிடைத்தவனே அதனைப் பேணுவான். இது வன்னிக்கும் பொருந்தும்; மார்க்கத்துக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

இவ்வளவும் கூறிய பின் எமது சமூகம் செய்யக்கூடியவை எவை என்பதையும் கூறுதல் கடன்.

முதலாவதாக, எமது பாடசாலைகள் ஆண்டில் ஒரு முறையேனும் வகுப்பறையை விட்டு றூஜுக்குச் செல்ல வேண்டும். ஐந்திணையைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிப்பதை விட, இலையுதிர் காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறும் சமன் மீன்களைக் காட்டிப் படிப்பித்தல் நெஞ்சில் நிற்கும். இங்குள்ள மரத்துக்கும் பறவைக்கும் நல்ல தமிழ்ப் பெயர்களை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஆக்கலாம். பெயர் தெரியாத மரத்தை வெட்டும்போது எவருக்கும் வலிப்பதில்லை. இந்நாட்டு இயற்கையைத் தமிழிற் பேசத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் என்பது தாத்தா பாட்டியின் ஊர்க்கதையோடு நின்றுவிடாது. தான் நடக்கும் நிலத்தின் மொழியாகவும் ஆகும்.

இரண்டாவதாக, எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடை ஒன்றுகூடலை நடத்துவதோடு அமையாது, மரம் நடுதல், கரை துப்புரவாக்கல் ஆகிய தொண்டர் பணிகளிலும் ஒரு நாளைச் செலவிட வேண்டும். கூடிச் சமைத்து உண்ணும் எம்மால் கூடிக் குப்பை பொறுக்கவும் முடியும். பூசை மலர்களையும் தேங்காயையும் ஆற்றில் இடுதல், வீட்டில் வளர்த்த ஆமையையும் மீனையும் கொண்டுபோய் விடுதல், வசந்த காலப் பூக்களைப் பிடுங்குதல் ஆகியவை தீங்கு என்பதைக் கோவில்களிலும் சங்கங்களிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கும் அயல்நாட்டு ஆமைகள் இங்குள்ள ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கின்றன என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மூன்றாவதாக, குடிமக்கள் என்ற முறையில் எமது குரலைப் பயன்படுத்த வேண்டும். கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழரான ராதிகா சிற்சபையீசன் 2011 முதல் 2015 வரை பிரதிநிதித்துவம் செய்த தொகுதியின் பெயரிலேயே றூஜ் ஆறு இருந்தது. 2015 இல் ஹரி ஆனந்தசங்கரி தெரிவான தொகுதியின் பெயரிலும் றூஜ் பூங்கா இருந்தது. தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் தாயகத்தைப் பற்றிக் கேட்கின்றோம். வரியைப் பற்றிக் கேட்கின்றோம். விமான நிலையத்துக்கென எடுத்த நிலத்தில் எஞ்சியது யாருக்குப் போகும், பசுமை வலயத்தில் மீண்டும் கைவைப்பீர்களா என்றும் கேட்போம். நகரசபைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுவதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. லோயிஸ் ஜேம்ஸும் அயலவரும் அவ்வாறுதான் தொடங்கினர்.

நாம் இந்நாட்டில் விருந்தினர் அல்லர். 2016 இல் கனடியப் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. மரபு என்பது ஆடலும் பாடலும் பொங்கற் பானையும் மட்டுமன்று. ஊர்க் குளத்தை ஆண்டுதோறும் கூடித் தூர்வாரிய பழக்கமும் அம்மரபே. அப்பழக்கத்தை இங்கு கொண்டுவந்தால், நாம் இந்நாட்டுக்கு அளிக்கும் கொடை அதுவாகும். முதற்குடிகள் காத்ததும், அயலவர் போராடி மீட்டதும், இன்று எம் கையிலும் ஒரு பங்காக வந்திருப்பதுமான இந்நிலம் எமக்கும் முதுசமே. முதுசத்தை விற்றுத் தின்பவனை எம் ஊரில் மதிப்பதில்லை. அதனைக் குறையாது அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பவனையே மதிப்பர். எம் பிள்ளைகள் அவ்வாறு மதிக்கத்தக்கவர்களாக நாம் வாழ்ந்து காட்டுவோமாக.